படாத அடி

(ஓய்வுபெற்ற மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட் பற்றி வாசகர் வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மல்யுத்தக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது, கூட்டத்தை ஏற்பாடு செய்த நண்பர் கொஞ்சம் இழுத்தார். "அதெல்லாம் செட்டப்புங்களே" என்றார். செட்டப்தான். யார் ஜெயிக்க வேண்டும், எப்படி ஜெயிக்க வேண்டும் என்று முன்பே பேசி முடித்துவிட்டுத்தான் மேடை ஏறுகிறார்கள். மல்யுத்தம் நடத்தும் டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனமே 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டிடம், எங்களுடையது போட்டி அல்ல, கேளிக்கை என்று சொல்லிவிட்டது. மனசாட்சி உறுத்திச் சொன்னதாக நினைத்துவிட வேண்டாம். போட்டி என்றால் மாநில ஆணையத்தின் கெடுபிடி உண்டு, வரி உண்டு. கேளிக்கை என்றால் இரண்டிலிருந்தும் தப்பிக்கலாம்.

என் கேள்வி அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தில் ஒருவன் நன்றாக ஆடினான், இன்னொருவன் சொதப்பினான் என்று எதை வைத்துச் சொல்வது? கனடாக்காரரான பிரெட் ஹார்ட் இதற்கு ஓர் அளவுகோல் வைத்திருந்தார். அடி நிஜமாகத் தெரிய வேண்டும். அடி வாங்கியவன் மறுநாள் வேலைக்கு வர வேண்டும். 20 ஆண்டுகளுக்கு மேல் ஆடியும் தன் கையால் எந்த எதிராளிக்கும் பெரிய காயம் ஏற்பட்டதில்லை என்பதுதான் அவர் தன்னைப் பற்றி அடிக்கடி சொல்லிக்கொள்ளும் பெருமை. அந்தப் பெருமையைச் சுற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

இங்கே நாற்பது வயதைத் தொட்டவர்கள் சிலர் சிரிப்பது தெரிகிறது. உங்களுக்கு ஆளைத் தெரிந்திருக்கும். 90களில் கடைகளில் விற்ற, வீரர்களின் எடை உயரத்தை ஒப்பிட்டு விளையாடும் ட்ரம்ப் கார்டில் இளஞ்சிவப்பும் கறுப்புமாக உடையும், ஈரம் சொட்டும் நீள முடியுமாக நிற்பார். அந்தக் கார்டு கைக்கு வந்தால் பெரிய சந்தோஷம் ஒன்றும் இருக்காது. எடையைச் சொன்னால் யோகோசூனா அள்ளிக்கொண்டு போய்விடுவார். உயரத்தைச் சொன்னால் அண்டர்டேக்கர். ஆறடி உயரம், சுமார் 105 கிலோ எடை என்பது நம் தெருவில் மலை மாதிரி. ராட்சசர்களை வைத்துப் பிழைத்த அந்தத் தொழிலில் அது சின்ன உடம்பு.

பிறந்தது 1957 ஜூலை 2, ஆல்பர்ட்டா மாகாணத்தின் கால்கரி நகரத்தில். அதே ஆண்டில்தான் பிரெஞ்சு சிந்தனையாளர் ரோலான் பார்த், மல்யுத்தம் பற்றிய கட்டுரையை முதலில் வைத்துத் தன் 'மித்தாலஜிஸ்' நூலை வெளியிட்டார். இந்தத் தலைப்பைக் கேட்டுப் பேராசிரியர்கள் யாராவது முகம் சுளித்தால் இதைச் சொல்லிச் சமாளித்துக்கொள்கிறேன்.

பன்னிரண்டு பிள்ளைகளில் பிரெட் எட்டாவது. அப்பா ஸ்டூ ஹார்ட் 1940இல் கனடாவின் தேசிய அமெச்சூர் மல்யுத்த சாம்பியன். போர் வந்து ஒலிம்பிக் ஆசையில் மண் விழுந்தது. கடற்படையில் சேர்ந்தார். போர் முடிந்ததும் நியூயார்க் பக்கம் ஆடப் போன இடத்தில் ஹெலனைச் சந்தித்து மணந்துகொண்டார். ஹெலனின் அப்பா 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓடியவர். ஸ்டூ 1948இல் சொந்தமாக மல்யுத்த நிறுவனம் தொடங்கினார். பிற்காலத்தில் 'ஸ்டாம்பீட் ரெஸ்லிங்' என்று பெயர் பெற்றது அதுதான். ஹெலனுக்கு மல்யுத்தம் என்றாலே ஆகாது. ஆனால் அலுவலக வேலையும் கணக்கு வழக்கும் அவர் தலையில்தான் விடிந்தன. மகன்கள் எட்டுப் பேரும் ஏதோ ஒரு வகையில் அந்தத் தொழிலில் இறங்கினார்கள். மகள்கள் நான்கு பேரும் மல்யுத்தக்காரர்களையே கட்டிக்கொண்டார்கள். அந்த அம்மாவின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நகரத்தைப் பார்த்தபடி குன்றின் மேல் நிற்கும் பழைய செங்கல் வீடு. வெளியே பார்த்தால் மாளிகை; உள்ளே பெரும்பாலும் பணமுடை. அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு, அது அடுத்த தம்பிக்கு. 'டெரிபிள் டெட்' என்று மல்யுத்தம் ஆடும் கரடி ஒன்று உண்டு. அது கொஞ்ச நாள் அந்த வீட்டுத் திண்ணைக்கு அடியில் தங்கியிருந்ததாம். சின்னப் பையனான பிரெட் படிக்கட்டில் உட்கார்ந்து ஐஸ்கிரீமைக் கால்விரலில் சொட்டவிட, கரடி கீழிருந்து நக்குமாம். சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

அந்த வீட்டின் நிலவறைதான் உலகப் புகழ் பெற்ற 'டஞ்சன்'. பாதாளச் சிறை. தாழ்ந்த கூரை, தரையில் விரிப்பு, வேறொன்றும் இல்லை. மல்யுத்தம் கற்றுக்கொள்ள வரும் வாட்டசாட்டமான ஆட்களை ஸ்டூ அங்கே அழைத்துப்போய்ப் பிடி போடுவார். போட்டால் விடமாட்டார். ஆளின் அலறல் மேலே சமையலறை வரை கேட்கும். பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தார்கள். மேடையில் நடப்பது செட்டப் என்று ஊர் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில், அந்த வீட்டுக் குழந்தைகளுக்கு நிஜ வலி எப்படி ஒலிக்கும் என்று காது பழகியிருந்தது.

பிரெட்டுக்குத் தொழில்முறை ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர்கள் இரண்டு ஜப்பானியர்கள். மிஸ்டர் ஹிட்டோ என்ற கட்சுஜி அடாச்சி ஒருவர், கசுவோ சகுராடா மற்றவர். முதலில் கற்றுக்கொடுத்தது விழுவதை. மேடை என்பது இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதற்கு மேல் கித்தான் துணி, அவ்வளவுதான். மல்லாக்க விழும்போது தாடையை நெஞ்சோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். முதுகு முழுக்க ஒரே நேரத்தில் படவேண்டும். கைகளைத் தரையில் அறைந்து அதிர்ச்சியைப் பரப்ப வேண்டும். தலை முதலில் பட்டால் முடிந்தது கதை. அமெரிக்காவிலும் கனடாவிலும் பிடிகளை எதிராளியின் இடப்பக்கத்தில்தான் போடுவது வழக்கம், மெக்சிகோவில் வலப்பக்கம். இருட்டிலும் கூச்சலிலும் இவன் எந்தப் பக்கம் வருவான் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? பழைய ஆட்கள் ஒருவரையொருவர் சந்தித்தால் பூவைத் தொடுவது மாதிரிதான் கைகுலுக்குவார்கள். இறுக்கிப் பிடித்தால் தொழில் தெரியாதவன் என்று அர்த்தம்.

இதற்குப் பின்னால் பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. டபிள்யூ.டபிள்யூ.எஃப். நிறுவனம் தன் வீரர்களை ஊழியர்கள் என்றே ஒப்புக்கொண்டதில்லை. 'சுயாதீன ஒப்பந்தக்காரர்கள்' என்று எழுதி வாங்கிக்கொள்ளும். மருத்துவக் காப்பீடு கிடையாது, ஓய்வூதியம் கிடையாது, சங்கம் கிடையாது. 1986இல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்ற மல்யுத்தக்காரர் சங்கம் வைக்கலாம் என்று பேசிப் பார்த்தார். அதை முதலாளியிடம் போட்டுக்கொடுத்தவர் நட்சத்திர வீரர் ஹல்க் ஹோகன் என்று பிற்பாடு ஒரு வழக்கில் தெரியவந்தது. வருடத்தில் பெரும்பாலான நாட்கள் ஊர் ஊராகப் பயணம். கால் உடைந்தால் அவன் வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே எதிராளியின் கழுத்தைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது அவன் வீட்டுச் சோற்றைத் திருப்பிக் கொடுப்பது. பிரெட்டின் பெருமையை நான் கூலிக்காரனின் பெருமையாகத்தான் படிக்கிறேன்.

1978இல் ஆட ஆரம்பித்தார். புவேர்ட்டோ ரிக்கோ, ஜப்பான் என்று சுற்றினார். 1984இல் ஸ்டூ தன் நிறுவனத்தை டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதலாளி வின்ஸ் மெக்மஹானுக்கு விற்க, பிரெட்டும் குடும்பத்தைச் சேர்ந்த சிலரும் அந்த நிறுவனத்துக்குப் போனார்கள். அங்கே அவருக்கு மாட்டுக்காரன், அதாவது கவ்பாய் வேஷம் போடலாம் என்றார்கள். மாட்டார் என்றுவிட்டார். கால்கரி நிஜமான கவ்பாய்களின் ஊர். குதிரை ஏறத் தெரியாமல் அந்தத் தொப்பியை மாட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப முடியாது என்பது அவர் சொன்ன காரணம். மைத்துனர் ஜிம் நைட்ஹார்ட்டோடு சேர்ந்து 'ஹார்ட் ஃபவுண்டேஷன்' என்ற ஜோடியாக 1987இலும் 1990இலும் பட்டம் வென்றார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி முன்வரிசைக் குழந்தை ஒன்றுக்கு மாட்டிவிடும் வழக்கம் பிறகு வந்தது. உலகம் முழுக்க எத்தனை பிள்ளைகள் அதற்காகக் கழுத்தை நீட்டின!

இனி இரண்டு ஆட்டங்களைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

1991 ஆகஸ்ட், நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன். எதிராளி மிஸ்டர் பெர்ஃபெக்ட் என்ற கர்ட் ஹென்னிக். அவர் முதுகுத்தண்டு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தது. ஆட வேண்டிய நிலையே இல்லை. ஆனாலும் பட்டத்தை பிரெட்டிடம் முறைப்படி ஒப்படைத்துவிட்டுத்தான் ஓய்வுக்குப் போவேன் என்று வந்தார். பார்த்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. இருவரும் பறக்கிறார்கள், விழுகிறார்கள். ஹென்னிக் முதுகு வலியோடு விழ, பிரெட் அந்த முதுகுக்குத் தன்னால் சுமை கூடாமல் பார்த்துக்கொள்ள, அரங்கம் கத்துகிறது. இரண்டு பேரின் கண்ணியமும் அந்த இருபது நிமிடத்துக்குள் இருக்கிறது.

அடுத்தது 1992 ஆகஸ்ட் 29, லண்டன் வெம்ப்ளி மைதானம். 80 ஆயிரம் பேர் என்று அறிவித்தார்கள். எதிரே இன்னொரு மைத்துனர், இங்கிலாந்துக்காரரான டேவி பாய் ஸ்மித். சொந்த நாட்டில் அவர் ஜெயிக்க வேண்டிய ஆட்டம். தொடங்கிய சில நிமிடத்திலேயே டேவிக்கு எல்லாம் மறந்துவிட்டது. பயிற்சி செய்தது ஒன்றும் நினைவில் இல்லை என்று காதில் சொல்லியிருக்கிறார். கூத்தில் அடி மறந்து நிற்கும் வேஷக்காரனுக்குப் பின்பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுப்பார் இல்லையா, அந்த மாதிரி பிரெட் பிடி போட்டுக்கொண்டே ஒவ்வொரு அசைவையும் முணுமுணுத்து, தன்னைத் தூக்கி எறியவும் அவருக்கே சொல்லிக்கொடுத்து, 25 நிமிடம் ஓட்டினார். கடைசியில் தோற்றார். ஜெயித்தவரை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது. இவ்வளவு வேலையும் பார்த்தவர் கீழே கிடந்தார். இதெல்லாம் அவரே பிற்பாடு சொன்னது என்பதால் கொஞ்சம் தற்பெருமை கலந்திருக்கலாம். அவர் எழுத்தில் 'நான்' அதிகம்தான். ஆனால் இதைத் தெரிந்துகொண்டு அந்த ஆட்டத்தை மறுபடி பாருங்கள். அவர் வாய் அசைவது தெரியும்.

அடுத்த ஒன்றரை மாதத்தில், 1992 அக்டோபர் 12, ரிக் ஃபிளேரை வென்று உலகப் பட்டம். நடந்த இடம் சாஸ்கட்டூன். அப்பா பிறந்த ஊர். தொலைக்காட்சியில்கூட ஒளிபரப்பாகாத ஆட்டம் அது. அதன் பிறகு நான்கு முறை அந்தப் பட்டம் அந்த நிறுவனத்தில் அவருக்கு வந்தது. அதை நான் வரிசையாகச் சொல்லப்போவதில்லை. 1997 மார்ச்சில் சிகாகோ அருகே ஸ்டீவ் ஆஸ்டினோடு ஆடியதை மட்டும் சொல்கிறேன். நல்லவனாக மேடை ஏறிய பிரெட் வில்லனாக இறங்கினார்; வில்லனாக ஏறிய ஆஸ்டின், முகமெல்லாம் ரத்தம் வழிய, பிடியில் சிக்கியும் சரணடையாமல் மயங்கி, நாயகனாக இறங்கினார். ரத்தம் கூடாது என்பது அப்போது நிறுவனத்தின் கட்டளை. ஆஸ்டினின் சம்மதத்தோடு, கூட்ட நெரிசலுக்குள் யாரும் பார்க்காமல் சின்ன பிளேடால் நெற்றியைக் கீறியது தான்தான் என்று பிரெட் பிறகு ஒப்புக்கொண்டார். காயப்படுத்தாதவர் என்று சொன்னீர்களே என்று கேட்பீர்கள். சம்மதித்துப் பெற்ற கீறல் அது. ஆஸ்டினை நட்சத்திரமாக்கியதும் அதுதான்.

சங்கடமான செய்தி ஒன்றும் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் அதே ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்துத் தரையில் இறக்கும்போது, கணக்குத் தவறி, அவர் உச்சந்தலை தரையில் மோதியது. சில நிமிடம் கைகால் அசையவில்லை. அந்தக் கழுத்துக் காயம் ஆஸ்டினின் தொழில் வாழ்க்கையைச் சுருக்கியது. பிடித்திருந்தவர் ஓவன் ஹார்ட். பிரெட்டின் தம்பி, அதே நிலவறையில் வளர்ந்தவர். அந்த வீட்டில் பிறந்தால் மட்டும் போதாது.

அதே 1997 நவம்பர் 9, மான்ட்ரியல். இதைப் பற்றி இன்றுவரை சண்டை ஓயவில்லை. முந்தைய ஆண்டு பிரெட்டோடு 20 ஆண்டு ஒப்பந்தம் போட்ட மெக்மஹான், ஓராண்டுக்குள் பணம் கொடுக்க முடியாது, போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்கே போய்விடு என்றார். போகிற சாம்பியன் தோற்றுவிட்டுப் போக வேண்டும் என்பது தொழில் வழக்கம். மெக்மஹானின் பயத்துக்கும் காரணம் இருந்தது. 1995இல் பெண்கள் சாம்பியன் ஒருவர் பட்டப் பெல்ட்டை எடுத்துக்கொண்டு போய் எதிர் நிறுவனத்தின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் குப்பைத்தொட்டியில் போட்டார். ஆனால் பிரெட்டின் ஒப்பந்தத்தில், கடைசி 30 நாட்கள் தன் கதையின் போக்கில் அவருக்கும் நியாயமான உரிமை உண்டு என்ற விதி இருந்தது. கனடா மண்ணில் எதிராளி ஷான் மைக்கேல்ஸிடம் தோற்கமாட்டேன், வேறு இடத்தில் தோற்கிறேன் என்றார். கடைசியில், குழப்பத்தில் ஆட்டம் முடிவதாகப் பேசி ஒப்புக்கொண்டார்கள். மெக்மஹான் ஒப்புக்கொண்ட பேச்சு, பிரெட் மறைத்து வைத்திருந்த மைக்கில் பதிவாகியிருக்கிறது. பால் ஜே எடுத்த ஆவணப்படத்தில் கேட்கலாம். நடுவர் ஏர்ல் ஹெப்னர் தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார் என்கிறார் பிரெட். ஆட்டத்தின் நடுவே, பேசியபடி, தன் பிரபலமான பிடியைத் தன் மேலேயே மைக்கேல்ஸ் போட அனுமதித்து பிரெட் குப்புறக் கிடந்தார். அந்த நேரம் பார்த்து மெக்மஹான் மணியை அடிக்கச் சொன்னார். பிரெட் சரணடையவே இல்லை. பட்டம் போய்விட்டது.

எழுந்து நின்று முதலாளி முகத்தில் துப்பினார். காற்றில் விரலால் எதிர் நிறுவனத்தின் பெயரை எழுதினார். உடை மாற்றும் அறையில் ஒரு குத்து விட்டார். மெக்மஹான் தள்ளாடியபடி வெளியே வருவதைப் படத்தில் பார்க்கலாம். இத்தனை வருடத்தில் பிரெட் முழுசாகப் படும்படி விட்ட குத்து, கேமரா இல்லாத அறையில் விழுந்தது.

ஒரு பெல்ட்டுக்காக இவ்வளவு அமர்க்களமா என்று கேட்பவர்கள் உண்டு. தன் நாயக வேஷத்தைத் தானே நம்பிவிட்டார் என்று சக வீரர்களே கேலி செய்தார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கனடாவின் மானம் தன் இடுப்பில் தொங்குவதாகத்தான் அவர் நினைத்தார். ஆனாலும் நான் அவர் பக்கம். உடம்பை எதிராளி கையில் ஒப்படைத்துக் கிடக்கும் நேரத்தில் பேச்சு மாறக்கூடாது. அது மாறினால் அந்தத் தொழிலில் மிச்சம் எதுவும் இல்லை.

புதிய நிறுவனத்தில் சம்பளம் அதிகம், வேலைக்கு மரியாதை குறைவு. 1999 மே 23, கான்சாஸ் சிட்டி. பழைய நிறுவனத்திலேயே இருந்துவிட்ட தம்பி ஓவன் ஒரு கோமாளி சூப்பர் ஹீரோ வேஷத்தில் அரங்கத்தின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்க வேண்டும். இணைப்பு விடுபட்டு 78 அடியிலிருந்து விழுந்தார். வயது 34. உடலை எடுத்துப்போன பிறகும் நிகழ்ச்சியைத் தொடர்ந்து நடத்தினார்கள். இதற்கு மேல் இதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை.

அதே ஆண்டு டிசம்பர் 19, வாஷிங்டன். பிரெட்டின் எதிரே கோல்ட்பர்க். அமெரிக்கக் கால்பந்திலிருந்து வந்தவர். பலம் ஏராளம், பயிற்சி குறைவு. அவர் விட்ட உதை பிரெட்டின் தலையில் முழு வேகத்தில் பட்டது. மூளை அதிர்ச்சி. அது தெரியாமலேயே பிரெட் அந்த ஆட்டத்தை முடித்தார். அடுத்த சில வாரங்களும் ஆடினார். பிறகுதான் மருத்துவர்கள் நிறுத்தினார்கள். 2000 அக்டோபரில் நிறுவனம் வேலையிலிருந்து நீக்கியது. அவர் ஓய்வை அறிவித்தார்.

2002 ஜூன் 24. 45 வயதாக எட்டு நாள் இருந்தது. கால்கரியில் சைக்கிள் ஓட்டிப் போனவர் ஒரு குழியில் சறுக்கி, பின்மண்டை அடிபட விழுந்தார். பக்கவாதம். இடப்பக்கம் முழுதும் செயலிழந்தது. நடக்க, சட்டைப் பொத்தான் போட, எல்லாம் முதலிலிருந்து பழகினார். மீண்டு வந்து, 80களிலிருந்து தினமும் டேப்பில் பேசிப் பதிவு செய்து வைத்திருந்த நாட்குறிப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதினார். 2007இல் சுயசரிதை வந்தது. ஸ்டீராய்டு எடுத்ததையும், வெளியூர்களில் மனைவிக்கு உண்மையாக இல்லாததையும் அதில் மறைக்கவில்லை. பிறரை வைத்து எழுதி வாங்கிய விளையாட்டு வீரர் புத்தகங்களைப் படித்துச் சலித்தவர்கள் இதைப் படிக்கலாம். நல்ல கனமான புத்தகம்.

அவர் காலத்து வீரர்களின் கணக்கைப் பாருங்கள். யோகோசூனா 34 வயதில் போனார். டேவி பாய் ஸ்மித் 39. ஹென்னிக் 44. அப்பா நிறுவனத்தில் பிரெட்டோடு ஆடிய, தன் உடம்பையும் பிறர் உடம்பையும் பொருட்படுத்தாத டைனமைட் கிட், சக்கர நாற்காலியில் பல ஆண்டுகள் இருந்துவிட்டு 2018இல் இறந்தார். பிரெட் 2016இல் புரோஸ்டேட் புற்றுநோயையும் தாண்டி இருக்கிறார்.

2006இல் மெக்மஹான் நிறுவனத்தின் புகழ் மண்டபத்தில் அவரைச் சேர்த்தபோது அறிமுகம் செய்து பேசியவர் ஆஸ்டின். 2010 ஜனவரியில் அதே நிறுவனத்தின் மேடையில் ஷான் மைக்கேல்ஸோடு கைகுலுக்கிக் கட்டிக்கொண்டார். அந்த மார்ச்சில் மெக்மஹானோடு ஓர் ஆட்டமும் நடந்தது. அடி வாங்க முடியாத உடம்போடு ஆடிய ஆட்டம்; பார்க்கச் சகிக்காது. ஆனால் பகை அத்தோடு முடிந்தது.

கோல்ட்பர்க்கோடு மட்டும் முடியவில்லை. அவர் வருத்தம் தெரிவித்தாகிவிட்டது. அப்படியும் இத்தனை ஆண்டு கழித்து, எந்தப் பேட்டியிலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும் பிரெட் அவரைத் திட்டுகிறார். கிழவருக்கு வேறு வேலை இல்லையா என்று ரசிகர்கள் சலித்துக்கொள்கிறார்கள். துரோகம் செய்தவர்களை மன்னித்தாயே, தெரியாமல் உதைத்தவனை ஏன் மன்னிக்கக் கூடாது என்கிறார்கள். எனக்கு அதில் முரண் தெரியவில்லை. மெக்மஹானும் மைக்கேல்ஸும் செய்தது துரோகம். அதற்கு ஒரு கைகுலுக்கல் போதும் என்று அவர் முடிவு செய்தார். கோல்ட்பர்க் தொழில் தெரியாமல் மேடை ஏறினார். எதிராளியின் தலை எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் காலை வீசினார். ஸ்டூ ஹார்ட்டின் மகனுக்கு அதை மன்னிக்கத் தெரியாது.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மான்ட்ரியல் பற்றிச் சண்டைக்கு வருபவர்கள் முதலில் வரலாம்.